வயிறு சின்னதானால் அந்த ராத்திரிப் பசி போய்விடுமா?

என் அக்காவுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்து நாலு வருஷம் ஆகிறது. தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து பெங்களூருக்குப் போய்ச் செய்துகொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் சுகர், பிரஷர், தைராய்டு, தூக்கத்தில் குறட்டை என்று எல்லாம் கேட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், எண்டோஸ்கோபி பார்த்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவரும் வந்து பத்து நிமிஷம் பேசினார். "சாப்பாட்டு விஷயத்துல ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?" என்று அவர் கேட்டதற்கு அக்கா, "இல்லைங்க, எல்லாரையும் போலத்தான் சாப்பிடுவேன்" என்றாள். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் அவள் ஒளித்துவைக்கும் எவர்சில்வர் டப்பா எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு அவள் சமையலறைக்குப் போவாள். விளக்குப் போட மாட்டாள். மூடி சத்தம் போடாமலிருக்க நைட்டி ஓரத்தைச் சுற்றிப் பிடித்துத் திறப்பாள். முதலில் கடலை மிட்டாய், அது தீர்ந்தால் மிச்சச் சோறு, அதுவும் தீர்ந்தால் குழந்தைகளுக்கு வாங்கிவைத்த பிஸ்கட். நின்றுகொண்டே சாப்பிடுவாள். "ருசியே தெரியாதுடி. போதும்னு மனசு சொல்லும், கை நிக்காது" என்று பின்னாளில் சொன்னாள். காலையில் வயிறு கல்லாக இருக்கும், அவமானமாக இருக்கும். அதனால் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்தான். அன்றைக்கு ராத்திரி மறுபடியும் டப்பா. இதையெல்லாம் இங்கே எழுத அவளே சம்மதித்தாள்.

வீட்டில் நாங்கள் இதற்கு வைத்த பெயர் "வாய்க்கட்டு இல்லாதவள்". மருத்துவத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு. கட்டுப்பாடு இழந்து சாப்பிடும் நோய், ஆங்கிலப் பெயரைச் சொன்னால் 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்'. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013-இல்தான் இது தனி நோயாக இடம்பிடித்தது. அதற்கு முன்பு வரை டாக்டர்களில்கூடப் பலர் இதைச் சுயக்கட்டுப்பாடு இல்லாத குணம் என்றே பார்த்தார்கள் என்றால், எங்கள் வீட்டை மட்டும் குறை சொல்லி என்ன?

கல்யாணப் பந்தியில் ஒருநாள் மூக்குமுட்டச் சாப்பிடுவது நோய் ஆகாது. அது எல்லாரும் செய்வது. நோய் என்று சொல்ல வேண்டுமானால் சில அடையாளங்கள் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள், அதே சமயத்தில் மற்றவர்கள் சாப்பிடக்கூடியதைவிடத் தெளிவாக அதிகமாகச் சாப்பிடுவது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது. பசி இல்லாமலே, அவசர அவசரமாக, வயிறு வலிக்கிறவரை, யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிடுவது, அப்புறம் தன்மேலேயே வெறுப்பு வருவது. இது வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் டாக்டர் இதை நோயாகக் கணக்கில் எடுப்பார். இவற்றில் முக்கியமானது அளவு என்று பலரும் நினைக்கிறார்கள். நிறுத்த முடியாமல் போவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆபரேஷனுக்குப் பிறகு அளவு காணாமல் போய்விடும், இது மட்டும் மிஞ்சும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு உறவுக்காரர்களும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டு நோய் என்று ஒன்று. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955-லேயே அதைப் பற்றி எழுதினார். ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கோ அதற்கு மேலோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போகும். தூக்கத்திலிருந்து எழுந்து ஏதாவது தின்றால்தான் மறுபடி தூக்கம் வரும். இன்னொன்று புலிமியா. நிறையச் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பது. பிறகு, நோய் என்று முத்திரை குத்த முடியாத, ஆனால் நம் வீடுகளில் நிறைந்து கிடக்கிற பழக்கம்: கோபமோ அழுகையோ தனிமையோ வந்தால் சாப்பாட்டைத் தேடுவது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாக உட்காரும் பெண்கள், "மிச்சம் வீணாப் போகக் கூடாது" என்று சட்டியை வழித்துச் சாப்பிடுவதும் இதில் சேரும். செவ்வாய், வெள்ளி விரதம் இருந்து சாயங்காலம் கொட்டித் தீர்ப்பதும் சில பேருக்கு இதே சுழற்சியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பட்டினிக்கும் கட்டுப்பாடிழந்த சாப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உடம்பைக் காயப்போட்டால் அது வட்டியோடு திருப்பி வசூலிக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்றால் களியும் கூழும் தின்கிற உழைப்பாளி ஊர், இங்கே யாருக்கு இந்த ஆபரேஷன் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள் எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே நம் பக்கத்து நிலவரம் புரிந்துவிடும்.

சரி, ஆபரேஷன் என்ன செய்கிறது? அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். டீக்கடை கிளாஸ் அளவுதான் கொள்ளும். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் இரண்டு மேஜைக்கரண்டி கொள்ளும் அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். ஸ்லீவில் வெட்டி எடுக்கும் மேல்பகுதியில்தான் க்ரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்களுக்கு உடம்புப் பசி நன்றாகக் குறையும். அக்கா மூன்று மாதம், "பசின்னா என்னன்னே மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தி ஏழு கிலோ இறங்கியது. சுகர் மாத்திரை பாதியானது. நாங்கள் எல்லாரும் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

டப்பா மட்டும் அங்கேயே இருந்தது.

சர்ஜன் கை வைத்தது இரைப்பையில். ராத்திரி பதினொரு மணிக்கு அவளை எழுப்பியது இரைப்பை இல்லை. மாமியார் வீட்டில் பன்னிரண்டு வருஷம் வாய்மூடி விழுங்கியது, அப்பா போனபோது அழ முடியாமல் ஐம்பது பேருக்குச் சமைத்தது, இதற்கெல்லாம் அவள் கண்டுபிடித்த ஒரே ஆறுதல் அந்த டப்பா. அதை எந்த எண்டோஸ்கோபியும் காட்டாது. அவள் வாயால் சொன்னால்தான் தெரியும்.

அவள் ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று பயந்தாள். இந்தப் பயம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கட்டுப்பாடு இழந்து சாப்பிடும் நோய் இருப்பதாலேயே யாருக்கும் ஆபரேஷன் கதவு மூடப்படுவதில்லை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் இந்த நோய் உள்ளவர்கள் மற்ற மக்களைவிட அதிகம் என்பது டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் சில வாரமோ சில மாதமோ பேச்சு சிகிச்சை கொடுத்து, சாப்பாட்டு நேரங்களை ஒழுங்குபடுத்தி, அப்புறம் தேதி குறிப்பார்கள். புலிமியா போல வாந்தியெடுக்கும் பழக்கம் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். ஆபரேஷனைத் தள்ளிவைப்பது தண்டனை இல்லை. தையல் ஆறாத வயிற்றோடு வாந்தியெடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பேச்சு சிகிச்சைக்கு சிபிடி என்று பெயர். எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்த்து, அந்தச் சங்கிலியில் ஏதாவது ஓர் இடத்தில் கை வைக்கும் முறை. கேட்கப் பெரிதாக இருக்கும், தொடக்கம் ரொம்பச் சாதாரணம். ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது வயிறு பசித்ததா, மனதில் என்ன இருந்தது. நாலே விஷயம். கலோரிக் கணக்கு வேண்டாம். இரண்டு வாரம் எழுதினால் நமக்கே தெரியாத ஒரு கோலம் அதில் தெரியும். அக்கா கடைசியில் நோட்டு எழுத ஆரம்பித்தபோது, மோசமான ராத்திரிகளில் முக்கால்வாசி அவள் காலையில் சாப்பிடாமல் விட்ட நாட்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. மீதி, ஊரிலிருந்து நாத்தனார் போன் செய்த நாட்கள்.

கடைசியில் என்கிறேன், ஏனென்றால் அது ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த நோய் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. தெரியாதவர்களால் அடையாளம் காண முடியாது.

முதல் உடுப்பு, கொறிப்பது. ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட வயிற்றில் இடம் இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. இரண்டு முறுக்கு, அரை மணி கழித்து ஒரு பிஸ்கட், அப்புறம் கைப்பிடி மிக்சர். எதுவுமே 'அதிகம்' இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நிறுத்த முடிகிறதா என்று கேட்டால், முடியவில்லை. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாலும் அது கையை மீறிப் போனது என்றால் அது பழைய நோய்தான். டாக்டர்கள் இப்போது இதைத்தான் குறிப்பாகக் கேட்கிறார்கள்.

இரண்டாவது, வழுக்கிக்கொண்டு இறங்கும் சாப்பாடு. சிக்கனோ முட்டையோ மென்று விழுங்கச் சிரமம், சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். ஐஸ்கிரீம், மில்க்ஷேக், ஜூஸ் எல்லாம் சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். அக்கா ஒரு ஃபிளாஸ்க்கில் சர்க்கரை போட்ட பால் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை வாய் வாயாகக் குடித்தாள். மாம்பழ சீசனில் அது மாம்பழ ஜூஸ் ஆனது. கிருஷ்ணகிரி பக்கம் மே, ஜூனில் யார் வீட்டுக்குப் போனாலும் டம்ளரில் அதுதானே வருகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிறு முறுக்கும், பேதி போகும். டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அந்தப் பயமே இனிப்பைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். அவதிப்பட்டுக்கொண்டே சாப்பிடுகிறவர்களும் உண்டு.

மூன்றாவது நேர் எதிரானது, அதனாலேயே ஆபத்தானது. இறங்கிய எடை திரும்பிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே கண்டு பயப்படுவது. ஒரு நாளைக்கு நாலு தடவை எடை மெஷினில் ஏறுவது. மென்றுவிட்டுத் துப்புவது. வேண்டுமென்றே வாந்தியெடுப்பது. சுற்றியிருப்பவர்கள் "ஸ்லிம் ஆயிட்டீங்க" என்று பாராட்டிக்கொண்டே இருப்பதால் இது வெளியே தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற எல்லா வாந்தியும் மனநோய் இல்லை. வேகமாகச் சாப்பிட்டாலோ, மெல்லாமல் விழுங்கினாலோ சாப்பாடு வழியில் சிக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். நம் மாவட்டக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல், கேழ்வரகுக் களி. நாம் களியை மெல்வதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவோம். மென்றால் பல்லில் ஒட்டும் என்று பாட்டி திட்டுவாள். இனி அந்த உருண்டை இறங்குமிடம் கட்டைவிரல் அகலக் குழாய். அக்காவுக்கு இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆசையாகச் சாப்பிட்டு, நாலாவது வாயில் நெஞ்சுக்கு நடுவில் அடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டயட்டீஷியன் களிக்குப் பதில் கேழ்வரகுக் கூழைத் தண்ணியாகக் கரைத்துக் குடிக்கச் சொன்னார். களியைப் பல மாதம் கழித்து, சுண்டைக்காய் அளவு உருண்டையாக, மென்று பார்க்கலாம் என்றார். இதில் மனசு சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து சாப்பிட்ட விதத்தையே மாற்றுவது ஒரு இழப்பு. அதற்காக ஒருத்தி அழுதால் கேலி செய்யாதீர்கள்.

வாந்தி எதனால் வந்தாலும் சரி, ஒரு நாள் முழுக்க எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. வாந்தி தொடர்ந்தால் பி1 என்கிற தயமின் சத்து சீக்கிரமே தீர்ந்துபோய் மூளையைப் பாதிக்கும். பேச்சில் குழப்பம், பார்வை இரண்டாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் "இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பல நாளாக வாந்தி" என்று டியூட்டி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தயமினை முன்னதாகவோ கூடவோ கொடுக்க வேண்டும்.

இன்னொன்று ஆண்களைப் பற்றி. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் கிடைக்காமல் போகும்போது சிலர் குடியில் அதைத் தேடுகிறார்கள். பைபாஸ் செய்த உடம்பில் சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறும், போதை அதிகமாகும். ஆபரேஷனுக்குப் பிந்திய இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கச் சிக்கல் கூடுவதை 2012-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. குடிக்காதவர்கள் தொடங்க வேண்டாம், குடித்தவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு மாத்திரையை உடம்பு உறிஞ்சும் விதம் மாறுவதால் அளவைத் திருத்த வேண்டிவரலாம்.

ஏன் இதெல்லாம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்தே தலைகாட்டுகிறது? முதல் வருஷம் உடம்பே காவல் காக்கிறது. பசி இல்லை, வயிற்றில் இடம் இல்லை, எடை இறங்கிக்கொண்டே இருப்பதில் ஓர் உற்சாகம். பிறகு பசி மெல்லத் திரும்பும், வயிறு கொஞ்சம் பழகிக்கொள்ளும், எடை ஓரிடத்தில் நின்றுவிடும். பாராட்டும் நின்றுபோகும். அந்த நேரத்தில்தான் பழைய கை பழைய டப்பாவைத் தேடும். பெரும்பாலானவர்கள் அதற்குள் டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார்கள். பெங்களூருக்குப் பஸ் ஏறுவது ஒரு நாள் கூலி போகிற காரியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டாம் வருஷத்து செக்கப்பை விடாதீர்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசு முழுக்கத் தேவை, அதற்காகவாவது போகத்தான் வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நடுவில் ஒன்றோ இரண்டோ சின்னச் சாப்பாடு, அதுவும் முன்பே முடிவு செய்தது. ஒவ்வொரு வேளையும் முதலில் புரதம்: முட்டை, பயறு, மீன், சிக்கன், தயிர். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடிக்கலாம். இதெல்லாம் டயட்டீஷியன் சீட்டிலேயே இருக்கும். சீட்டில் இல்லாதது, உட்கார்ந்து சாப்பிடுவது. தட்டில் போட்டு, விளக்குப் போட்டு, முடிந்தால் யாராவது ஒருவரோடு. அக்கா விஷயத்தில் நான் பார்த்தவரை எல்லாவற்றிலும் பெரிய மாற்றத்தைத் தந்தது இதுதான். கைமீறும் வேகம் வந்தால் பதினைந்து நிமிஷம் தள்ளிப்போடச் சொன்னார் ஆலோசகர். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு அவள் என்னைக் கூப்பிடுவாள். மாட்டைப் பற்றியோ சீரியலைப் பற்றியோ பேசுவோம். சில நாள் அப்புறமும் சாப்பிட்டாள். பல நாள் சாப்பிடவில்லை.

தவறிப்போன ராத்திரிக்கு மறுநாள் என்ன செய்வது என்பதும் முக்கியம். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு. பட்டினி போட்டால் அன்று ராத்திரியும் போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பந்தியில் "இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கம்மா, ஒண்ணும் ஆகாது" வேண்டாம். "என்ன இப்படி இளைச்சுட்டே, சுகரா?" வேண்டாம். "இவ்வளவு லட்சம் செலவு பண்ணியும் தின்கிறாளே" அறவே வேண்டாம். எங்கள் சித்தி இதை ஆடிப்பெருக்கன்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று ராத்திரி டப்பா காலியானது. டப்பாவைக் கண்டுபிடித்தால் தூக்கியெறிந்து கலாட்டா செய்வதிலும் பயனில்லை, இன்னொரு டப்பா வேறிடத்துக்குப் போகும். "ராத்திரி தூக்கம் வரலையா? நானும் முழிச்சிருக்கேன், வா" என்று சொல்லிப் பாருங்கள். நான் அதைச் சொல்லப் பத்து வருஷம் தாமதித்தேன். அந்தப் பெங்களூர் அறையில் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

எங்கே போவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, முதலில் அங்கே காட்டலாம். இன்னும் விரிவான சிகிச்சை தேவைப்பட்டால் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரில் அது ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் நம் பக்கத்து ஆட்களுக்குப் போவது அவ்வளவு கடினமில்லை. எங்கேயும் போக முடியாத ராத்திரியில் 14416, அதாவது டெலி மானஸ். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. அப்படி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்புங்கள்.

போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் பல பேர் வைத்துவிடுகிறார்கள். அக்காவும் இரண்டு தடவை வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை நோட்டில் எழுதிவைத்துப் படித்தாள்: "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகி பதினெட்டு மாசம் ஆகுது. சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியலைங்க." அவ்வளவுதான் படித்தாள். மீதியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.